கிங்குக்குக் கண் திறந்த செவ்வாய்க்கிழமை

நாய்க்கும் ஆன்மா உண்டு. அந்த ஆன்மாவைப் பென்சில் முனையால் தொட்டுக் காகிதத்தில் இறக்கிவைக்கும் வல்லமையை இறைவன் நூற்றாண்டுக்கு ஒரு மனிதனுக்கே அருளுகிறான்.

இந்த வாசகம் கண்டி கட்டுக்கலையில், ஒரு சந்துக்குள் இருந்த வீட்டின் முன்னறையில், மூன்று மொழிகளிலும் எழுதிக் கண்ணாடி போட்டு மாட்டப்பட்டிருந்தது. எழுதியவர் வீட்டுக்காரரான அழகையா. நூற்றாண்டுக்கு ஒருவர் என்பதும் அவரேதான். உயிருள்ள நாய் எதிரே வந்தால் மட்டும் மனைவி இராஜகுமாரியின் முதுகுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வார்.

அதற்கும் அவர் ஒரு தத்துவம் வைத்திருந்தார். "நாயைப் பக்கத்துல வச்சு வரையிறவன் தோலைத்தான் வரைவான். நான் போட்டோவை வாங்கிக்கிறது எதுக்கு? தூரத்துல இருந்து ஆன்மாவைப் பாக்கத்தான்" என்பார். கண்டியில் தத்துவத்துக்கு எப்போதும் மரியாதை உண்டு. ஏரிக்கு மேலே இருந்த பங்களாக்களிலிருந்தும் சிங்களப் பிரபுக்களின் மாளிகைகளான பழைய வளவுகளிலிருந்தும் நாய்ப் போட்டோக்கள் வந்துகொண்டே இருந்தன. வீட்டுக்காரர் தன் முகத்தை வரைந்து சுவரில் மாட்டினால் தற்பெருமை என்று சொல்லிவிடுவார்கள். நாயின் முகத்தை மாட்டினால் அது இரசனை.

இவை எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று இருந்தது: கண் திறப்பு. கோயில் சிலைக்குக் கடைசியாகத்தான் கண் திறப்பார்கள். விகாரைச் சித்திரக்காரர்களும் அப்படித்தான், கண்ணாடிக்குள் பார்த்தபடி. அழகையா அதை அப்படியே நாய்க்குக் கொண்டுவந்தார். காது, மயிர், மீசை எல்லாம் முடிப்பார். பாண் ரொட்டியின் உள்சதையைக் கிள்ளி உருட்டி, மூக்கின் மேல் ஒற்றி எடுத்து, ஈரப் பளபளப்பைக்கூடக் கொண்டுவந்துவிடுவார். கண் இருக்க வேண்டிய இடம் மட்டும் வெள்ளையாக இருக்கும். பிறகு சுபநேரம் பார்த்து வீட்டுக்காரரைக் குடும்பத்தோடு வரவழைத்து, விளக்கேற்றி, படத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து, கைக்கண்ணாடியில் பார்த்தபடி கண்ணை வரைவார். பெரிய வளவுச் சீமாட்டிகள் விம்மி அழுதிருக்கிறார்கள். "அச்சு அசல் எங்கள் ஜூலியின் பார்வை!" எல்லா நாய்களுக்கும் அவர் போட்டது ஒரே பார்வைதான். அது ஒரு பிஸ்கட் டின் மூடியில் இருந்த நாயினுடையது.

அந்த வீட்டில் அடுப்பெரிந்தது வேறொரு பொருளால். அது இராஜகுமாரியின் தையல் மெஷின். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டையிலிருந்து கல்யாண ஜாக்கெட் வரை அந்தச் சந்தில் கிழிந்ததும் தைத்ததும் அதன் வழியாகவே போயின. அதற்கு ஆன்மா உண்டு என்று யாரும் எழுதி மாட்டவில்லை.

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடி மாதம், கொழும்பு எரிகிறது, தமிழர் வீடுகளை எரிக்கிறார்கள் என்று திங்கட்கிழமை செய்தி வந்தது. செவ்வாய்க்கிழமை காலையில் கண்டி நகரத்துக்கு மேலேயே புகை எழும்பியது.

"என்னங்க, மெஷினைத் தூக்கிக்கிட்டு நளீர் நானா வீட்டுக்குப் போயிருவோம்" என்றாள் இராஜகுமாரி. விடிந்ததிலிருந்து அவள் சொன்னது இந்த ஒரு வாக்கியத்தைத்தான். மெஷின் இருந்தால் எந்த ஊரிலும் பிழைத்துக்கொள்ளலாம் என்பது அவள் கணக்கு. அது இல்லாவிட்டால் என்ன என்பதை அவள் யோசிக்கவே விரும்பவில்லை. நளீர், அழகையாவின் படங்களுக்குச் சட்டம் போடும் முஸ்லிம் நண்பர்; நானா என்றால் அண்ணன். வீடு அலவத்துகொடவில்.

"எதுக்கு ஓடணும்?" என்றார் அழகையா. "நான் வரைஞ்ச நாய் தொங்காத பெரிய வீடு கண்டியில இருக்கா? எனக்கு ஒண்ணுன்னா எத்தன பேரு வருவாங்கன்னு பாரு."

"நாயிங்க வருமா, ஆளுங்க வருவாங்களா?"

அவர் டெலிபோனை எடுத்தார். அந்தச் சந்திலேயே அவருக்கு மட்டும்தான் டெலிபோன் இருந்தது.

முதலில் குண்டசாலைக்கு. அங்கே நவரட்ணராஜா, ஓய்வுபெற்ற பெரிய எஞ்சினியர், யாழ்ப்பாணத்துக்காரர். அவருடைய அல்சேஷன் ரெக்ஸை அழகையா இரண்டு கோணத்தில் வரைந்து கொடுத்திருந்தார்.

"ஓம் தம்பி, நானே யோசிச்சனான்" என்றார் நவரட்ணராஜா. "நாங்கள் இப்பவே காரிலை வெளிக்கிடுறம். உங்களையும் கூட்டிக்கொண்டு போகலாம்தான். ஆனா பாருங்கோ, பின் சீட்டிலை ரெக்ஸ் படுத்திட்டான். எழுப்பினால் அவனுக்குச் சத்தி வரும், காரெல்லாம் வாந்தி எடுப்பான்."

"ஐயா, நாங்க ரெண்டு பேரு மட்டுந்தான்..."

"உங்களுக்குத்தானே அவன்ரை மனசு தெரியும் தம்பி. நீங்களே சொல்லுங்கோ, எழுப்பலாமோ?"

அழகையாவால் எழுப்பலாம் என்று சொல்ல முடியவில்லை. கௌரவப் பிரச்சினை.

அடுத்து ஏரிக்கரை மேட்டுச் சீமாட்டி. நல்ல மனுஷி. விஷயத்தைச் சொன்னதும் டெலிபோனிலேயே அழத் தொடங்கினாள். "ஐயோ, என்ன அநியாயம் ஆர்டிஸ்ட், என்ன அநியாயம்! சட்டம் போட விட்டுவந்த ஜூலியின் படம் இன்னும் உங்களிடம்தானே இருக்கிறது? எரிவதற்கு முன்னால் யாரிடமாவது கொடுத்தனுப்ப முடியுமா?"

டெலிபோனை வைத்தபோது அழகையாவின் முகம் பாண் மாவு நிறத்துக்கு வந்திருந்தது. இராஜகுமாரி மெஷினைப் பழைய சேலையில் சுற்றிக் கட்ட ஆரம்பித்தாள்.

கூப்பிடாமலே வந்தது நளீர் ஒருவர்தான். பக்கக் கண்ணாடியைக் கம்பியால் கட்டிவைத்திருந்த பழைய வானைச் சந்துக்குள் பின்பக்கமாக ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினார்.

"ஏறுங்க, ஏறுங்க. ரோட்டுல கம்போட ஆக்கள் கூடி ஈக்கிறாங்க. உடுத்த உடுப்போட ஏறுங்க."

"மெஷின் இருக்கு நானா."

"மெஷினை ஏத்துங்க. வேற என்ன?"

வேறு என்ன என்பதற்கு விடையாக அழகையா ஏற்கெனவே ஜூலியின் படத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். அதை வானில் வைத்துவிட்டுத் திரும்பிப் போய் ஒரு டோபர்மேனைக் கொண்டுவந்தார்.

நளீருக்கு நம்ப முடியவில்லை. "மச்சான், ஒனக்குப் பைத்தியமா? மனுசன் தப்பிறதா, நாய் தப்பிறதா?"

"இதெல்லாம் அடுத்தவங்க பொருள் நளீர். ஒரு கலைஞனுக்குப் பொறுப்புன்னு ஒண்ணு இருக்கு."

"மெஷின் வச்சா நாய்க்கு எடமில்ல. நாய் வச்சா மெஷினுக்கு எடமில்ல. எதைண்டு செல்லு!"

இராஜகுமாரி மெஷினை வாசற்படியில் இறக்கிவைத்துவிட்டுப் புருஷனைப் பார்த்தாள். அழகையா இன்னொரு படத்தோடு வெளியே வந்துகொண்டிருந்தார். சட்டம் போடாத படம். பலகையில் ஊசியால் குத்தியிருந்தது. பெரிய நாய், அகன்ற நெஞ்சு, கண் இருக்கும் இடம் வெள்ளை. நகரத்து மில் முதலாளியின் கிங்.

அந்த நேரத்தில்தான் சந்து வாயிலில் ஆட்கள் தெரிந்தார்கள்.

சந்து முனையில் இருந்த செல்லப்பாவின் பலசரக்குக் கடையை முடித்துவிட்டு வந்திருந்தார்கள் போலும். ஒருவன் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தான். முன்னால் வந்தவன் சிவப்புப் பனியன் போட்டிருந்தான். கையில் பெட்ரோல் கான். அவனை அழகையாவுக்குத் தெரியும். மில்லில் தராசு பிடிப்பவன். போன வாரம் கிங்கின் போட்டோவைக் கொண்டுவந்து கொடுத்தவனே அவன்தான். இராஜகுமாரி கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, சீனி அளவு சரி என்று சொல்லிவிட்டுப் போனவன்.

அவன் அழகையாவைப் பார்க்கவில்லை. அவர் கையில் இருந்த படத்தைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"கண் எங்கே?" என்றான் சிங்களத்தில். "முதலாளியின் நாய்க்குக் கண் எங்கே?"

"வியாழக்கிழமைதான் சுபநேரம். அன்றைக்குத்தான்..." அழகையாவின் சிங்களம் நாக்கில் ஒட்டிக்கொண்டது.

பின்னால் இருந்து ஒரு கிழவர், கண் திறக்காமல் பாதியில் வெளியே போனால் உடையவனுக்கு ஆகாது என்று முணுமுணுத்தார். கூட்டத்தில் ஒரு சலசலப்பு. வீட்டை எரிக்க வந்த இடத்தில் இப்படி ஒரு தோஷம் குறுக்கிடும் என்று யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

"இப்பவே திற" என்றான் சிவப்புப் பனியன்.

"கண்ணாடி வேண்டும். உள்ளே..."

உள்ளே போக விடவில்லை. இரும்புக் கம்பி வைத்திருந்த ஒருவன் போய் நளீரின் வானில் இருந்த பக்கக் கண்ணாடியைக் கட்டவிழ்த்துக் கழற்றிக்கொண்டு வந்தான். 

அழகையா வானின் படியில் உட்கார்ந்தார். பலகையைத் தோளுக்குப் பின்னால் நளீர் பிடித்துக்கொண்டார். கண்ணாடியை முன்னால் கம்பிக்காரன் பிடித்துக்கொண்டான். சட்டைப் பையில் இருந்த பென்சிலை எடுத்து முனையை விரலில் தொட்டுப் பார்த்தார். கண்ணாடிக்குள் கிங் தெரிந்தது. அதற்குப் பின்னால் அவருடைய வீடு, வாசற்படி, படியில் மெஷின், மெஷின் பக்கத்தில் இராஜகுமாரி.

பெட்ரோல் கானைச் சத்தம் வராமல் நிலத்தில் வைத்தான் சிவப்புப் பனியன். ஒருவன் தொப்பியைக் கழற்றினான். பிஸ்கட் தின்றவன் மெல்லுவதை நிறுத்தினான். தூரத்தில் ஏதோ ஒரு கூரை தகரத்தோடு விழுந்த சத்தம் கேட்டது. இங்கே யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வலது கண். இடது கண். கருமணியின் ஓரத்தில் ஒளிக்காக ஒரு புள்ளி வெள்ளையை விட்டார். பிஸ்கட் டின் நாய் கிங்கின் முகத்திலிருந்து கூட்டத்தைப் பார்த்தது.

கிழவர் தன்னையறியாமல் கைகூப்பினார். "அப்படியே கிங்" என்றான் சிவப்புப் பனியன். அவன் குரல் உடைந்திருந்தது. "அப்படியே எங்கள் கிங்."

எத்தனையோ சீமாட்டிகளுக்கு முன்னால் அழகையா கண் திறந்திருக்கிறார். இப்படி ஒரு சபை அவருக்கு வாய்த்ததே இல்லை. கலை வென்றது என்று நினைத்தார். கலையின் முன்னால் கம்பியும் கானும் தலைகுனிந்தன என்று ஒரு வாசகம் மூன்று மொழிகளிலும் அவர் மனதில் உருவாகிக்கொண்டிருந்தது. முன்னறையில் இன்னொரு சுவர் காலியாகத்தான் இருந்தது.

"நாய்களைப் பத்திரமாக ஏற்றுங்கள்" என்றான் சிவப்புப் பனியன் கூட்டத்தைப் பார்த்து. "பெரிய மனுஷர்களின் பொருள்."

ஏற்றினார்கள். கம்புகளைச் சுவரில் சாத்திவிட்டு, உள்ளே மிச்சமிருந்த படங்களைக் கைமாற்றிக் கைமாற்றிக் கொண்டுவந்தார்கள். அழகையா நடுவில் நின்று, "கண்ணாடியில விரல் படாம... ஓரத்தைப் பிடிங்க... அதை நிமிர்த்தி வைங்க" என்று வேலை வாங்கினார். கிங்கை மட்டும் சிவப்புப் பனியன் தன் கையிலேயே வைத்துக்கொண்டான். முதலாளியிடம் நேரே கொடுப்பதற்கு.

நெருக்கி அடுக்கியதில் வானில் ஒரு மூலையில் இடம் மிச்சமிருந்தது. இராஜகுமாரி மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"அது யாருடையது?" என்று கேட்டான் சிவப்புப் பனியன்.

யாராவது ஒரு பெரிய வீட்டு அம்மாவுடையது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அவள் சொல்லவில்லை. "என்னுடையது" என்றாள்.

"அப்படியென்றால் வீட்டுக்குள்ளே வை."

அவளுக்குப் புரியவில்லை. அழகையாவுக்கும் புரியவில்லை. கோபமாகக்கூடச் சொல்லவில்லை அவன். தராசில் எடை சொல்வதுபோலச் சொன்னான். இரண்டு பேர் வந்து அவள் கையிலிருந்து மெஷினை வாங்கினார்கள். சிவப்புப் பனியன் கிங்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு அவர்களோடு உள்ளே போனான். படங்களைத் தூக்கிய அதே பக்குவத்தோடு மெஷினை முன்னறையில் அது எப்போதும் இருக்கும் இடத்தில் வைத்தார்கள். சேலைக் கட்டைக்கூட அவிழ்க்கவில்லை. பிறகு அவன் வெளியே வந்து, நிலத்தில் வைத்திருந்த கானை எடுத்துப் பக்கத்தில் நின்றவனிடம் கொடுத்தான்.

நளீர் இராஜகுமாரியைத் தள்ளி வானில் ஏற்றினார். அழகையா மட்டும் வாசலில் சிவப்புப் பனியனுக்கு முன்னால் ஒரு கணம் நின்றார். அதற்குப் பிறகுதான் ஏறினார். வான் சந்தைத் தாண்டும்போது முன்னறை ஜன்னலில் தீ தெரிந்தது. மூன்று மொழி வாசகத்தின் கண்ணாடி வெடித்த சத்தம் கேட்டதாக அவர் பின்னால் சொன்னார். அது மெஷின் பக்கத்தில் இருந்த மண்ணெண்ணெய் லாம்பாகவும் இருக்கலாம்.

கட்டுகஸ்தோட்டைப் பாலம், அக்குறணை, அலவத்துகொட. வழி முழுக்க இராஜகுமாரி மடியில் ஒன்றுமில்லாமல், ஒரு பொருளைப் பிடித்திருப்பதுபோலக் கைகளை வைத்திருந்தாள்.

நளீரின் மனைவி கைரியா வாசலுக்கு ஓடிவந்தாள். "தங்கச்சி, உள்ளுக்கு வாங்க" என்று இராஜகுமாரியைக் கட்டிப்பிடித்தாள். வானின் பின்கதவைத் திறந்து பார்த்தவள் ஓரடி பின்வாங்கினாள். வரிசையாக நாய்கள். எல்லாம் ஒரே பார்வை பார்த்தன.

"இதென்ன பொழப்பு? நாய்ப் படத்தை ஊட்டுக்குள்ள வச்சா மலக்குமார் வருவாங்களா?" என்றாள் புருஷனிடம், வானவர்கள் நுழைய மாட்டார்கள் என்ற பயத்தில். "மனுசர் உள்ளுக்கு வரட்டும். இதுகள் ஆட்டுக் கொட்டில்ல ஈக்கட்டும்."

கொட்டிலில் ஆடுகளை ஒதுக்கிவிட்டுக் கண்டி நகரத்தின் மேன்மக்கள் வளர்த்த நாய்களை வைக்கோலின் மேல் சாய்த்துவைத்தார்கள்.

தேத்தண்ணி குடித்ததும் அழகையாவுக்குக் குரல் திரும்பியது. கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அந்த நேரத்துல கையில பென்சில் மட்டுந்தான் தாத்தா" என்றார் கைரியாவிடம், முஸ்லிம் வீட்டு அக்காவை அழைக்கும் முறையில். "கம்போட வந்த கூட்டம், கண்ணத் திறந்ததும் அப்படியே கல்லாச் சமைஞ்சு நின்னுச்சு. ஒரு ஆள் அழுதுட்டான். நளீரைக் கேளுங்க."

நளீர் கூரையைப் பார்த்தார்.

"மிச்சத்தையும் சொல்லுங்க" என்றாள் இராஜகுமாரி. கட்டுக்கலையை விட்ட பிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான். "மெஷினை உள்ள வச்சுட்டு வெளிய வந்தானே, அவன் முன்னால போய் நின்னு என்ன சொன்னீங்க? அதையும் தாத்தாகிட்டச் சொல்லுங்க."

அழகையா கோப்பைக்குள் பார்த்தார். கோப்பையில் ஒன்றும் இல்லை.

அவர் அவனுக்கு "பொஹொம ஸ்துதி" என்று சிங்களத்தில் நன்றி சொல்லியிருந்தார். கையும் கூப்பியிருந்தார்.