மூன்று கீறல்

டோர்கஸ் செதுக்குகிற பாம்புத் தலைக்கு இங்கிலாந்தின் விட்பி சந்தையில் தனி மவுசு. கெட்டில்விக் கரையில் பாறையை உடைத்தால் சுருண்டு சுருண்டு விழுகிற கல் எல்லாமே ஒரு காலத்தில் பாம்பாக இருந்தவை, புனித ஹில்டா சபித்ததில் கல்லாகிப் போனவை, அந்தச் சாபத்தில் தலையும் போய்விட்டது என்று அந்தக் கரை முழுக்கச் சொல்வார்கள். கோடையில் வண்டி கட்டிக்கொண்டு வருகிற சீமான்கள் தலையில்லாத பாம்பை வாங்கி என்ன செய்வார்கள்? அதனால் சுருள் வெளியே முடிகிற வாய்ப்பக்கத்தை உளியால் கொத்தித் தலையாக்கி, கண் குத்தி, மெழுகு தேய்த்து விற்பார்கள். டோர்கஸின் அப்பா தலைக்குக் கீழே, கழுத்தில், சாய்வாக மூன்று கீறல் போடுவார். நம் வீட்டுச் சரக்கு என்பதற்கு அது அடையாளம். அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அவள் அதை விடவில்லை. விட நினைத்தாலும் கை விடாது.

அவளுடைய புருஷன் ஜேபஸ் ஸ்டோர், கெட்டில்விக் படிகாரக் குன்றில் மேஸ்திரி. குன்றை வெட்டி, கல்லை மாதக்கணக்கில் மூட்டம் போட்டு எரித்து, விட்பி வீடுகளிலிருந்து பீப்பாய் பீப்பாயாக வந்து இறங்குகிற மூத்திரத்தை ஊற்றிக் காய்ச்சிப் படிகாரம் எடுக்கிற வேலை. அவன் வீட்டுக்குள் வருவதற்கு முன்னாலேயே அவன் சட்டை வந்துவிடும். அந்தப் புகையில் பதினெட்டு வருஷம் நின்றவன், அங்கே யாரும் பார்க்காத ஒன்றைப் பார்த்துவைத்திருந்தான். குன்று ஒரே கல் இல்லை, அடுக்கு அடுக்காக இருக்கிறது. ஒவ்வொரு அடுக்குக்கும் அதற்கென்று ஒரு பாம்புக்கல் உண்டு. மேலடுக்குக் கல் கீழே கிடைக்காது, கீழடுக்குக் கல் மேலே கிடைக்காது. ஒரு கல்லைக் கையில் கொடுத்தால் போதும், அது எந்த அடுக்கு, அதற்குக் கீழே தோண்டினால் என்ன வரும், ஏன் அங்கே நிலக்கரி தேடி வீணாகக் குழி வெட்டக் கூடாது என்று சொல்லிவிடுவான்.

குன்று ஆட்களுக்கு இது நல்ல வேடிக்கை. "மேஸ்திரி, நேத்து வெச்ச பாம்பு இன்னிக்கு முட்டை போட்டுச்சா?" என்று கேட்பார்கள். ஜேபஸ் சிரிக்கவும் மாட்டான், கோபப்படவும் மாட்டான். வீட்டில் சாய்வாக ஒரு அலமாரி செய்து, குன்று எப்படி இருக்கிறதோ அப்படியே கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுவரை கற்களை அடுக்கியிருந்தான். டோர்கஸ் என்ன வேண்டுமானாலும் செதுக்கலாம், விற்கலாம். அந்த அலமாரியில் மட்டும் கை வைக்கக் கூடாது. கல்யாணமான நாளிலிருந்து அவன் போட்ட ஒரே சட்டம் அதுதான்.

நடுத்தட்டில் ஒரு கல் தனியாக இருக்கும். நசுங்கி, சாம்பல் நிறத்தில், பார்க்க ஒன்றுமே இல்லாத கல். ஒரு முழம்கூட இல்லாத மெல்லிய அடுக்கிலிருந்து பதினெட்டு வருஷத்தில் முழுசாகக் கிடைத்த ஒரே கல். மேல்குன்றும் கீழ்க்குன்றும் வேறுவேறு என்பதற்கு அதுதான் சாட்சி. அதை அவன் ராஜா என்று கூப்பிடுவான்.

லண்டனிலிருந்து லேவிங்டன் துரை வரப்போகிறார் என்று கடிதம் வந்தபோது வீடே வேறு மாதிரி ஆகிவிட்டது. பூமியைப் பற்றி ஆராய்கிற பெரிய மனிதர்களின் சபையில் அவர் ஒரு முக்கியஸ்தர். மேஸ்திரி வேலை செய்கிறவனுக்கு அந்தச் சபையில் நாற்காலி கிடையாது. ஆனால் துரை மனசு வைத்தால் ஜேபஸ் எழுதியதை அங்கே படிக்கலாம், அவன் பெயரோடு. அவன் கேட்டது அவ்வளவுதான். "குன்றைக் கண்டுபிடிச்சது நான்னு ஒரு காகிதத்துல இருந்தா போதும் டோர்கஸ். அப்புறம் இருமியே செத்தாலும் பரவாயில்ல" என்றான். இருமல் அப்போதே வந்திருந்தது.

துரையை அழைத்துவர அவன் விடிந்ததும் விட்பிக்குப் போனான். டோர்கஸ் ஓட்ஸ் ரொட்டி சுட்டு வைத்தாள், ஹெர்ரிங் மீனை உப்பிலிருந்து எடுத்து அலசினாள், பிறகு அலமாரிக்கு முன்னால் நின்றாள்.

போன வருஷம் பென்னக் பாதிரியார் வந்தது அவள் ஞாபகத்தில் இருந்தது. ஜேபஸ் ராஜாவைக் காட்டி ஒரு மணிநேரம் பேசினான். பாதிரியார் கொட்டாவியை விழுங்கிக்கொண்டே கேட்டுவிட்டு, போகும்போது வாசலில் அவள் செதுக்கி வைத்திருந்த பாம்பைக் கையில் எடுத்து, அடடா என்றார். ஜேபஸ் அன்றைக்கு இரவு சாப்பிடவில்லை. படித்தவருக்கே அப்படி என்றால் லண்டன் துரைக்கு? நசுங்கிய மொட்டைக் கல்லை அவர் திரும்பிப் பார்ப்பாரா? தலையில்லாத பாம்பை இரண்டாம் தடவை பார்த்த சீமான் ஒருவனை அவள் இன்றுவரை கண்டதில்லை. இந்தக் கல்லைப் பார்க்காமல் போனால் புருஷனுக்கு எல்லாமே போச்சு என்று மட்டும் அவளுக்குத் தெரியும்.

உளியை எடுத்தாள். அவள் வாழ்நாளில் அப்படி ஒரு தலை செதுக்கியதில்லை. உதடு, மூக்கு, பிளந்த நாக்கின் நுனிகூட வந்தது. கழுத்தில் மூன்று கீறலைக் கை தானாகப் போட்டது. மெழுகு தேய்த்து, அதே இடத்தில், அதே திசை பார்த்து வைத்தாள். ஒரு அங்குலம்கூட நகர்த்தவில்லை என்று அவளுக்குப் பெருமை.

லேவிங்டன் துரை கர்வம் பிடித்தவராக வந்தார், வாசலில் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் கீழ்த்தட்டிலிருந்து ஜேபஸ் சொல்லச் சொல்ல அவர் முகம் மாறியது. கைக்குட்டையைப் பையில் போட்டார். குனிந்தார். கேள்வி கேட்டார். இரண்டாம் தட்டில் அவனை "மிஸ்டர் ஸ்டோர்" என்று கூப்பிட்டார். டோர்கஸ் அடுப்படியில் நின்று கை பிசைந்துகொண்டு கேட்டாள். இன்னும் ஒரே தட்டு.

"இதுதாங்க துரை நான் சொன்னது" என்று ஜேபஸ் பார்க்காமலே கையை நீட்டினான்.

துரை கல்லை எடுத்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"ஸ்டோர், உன் சாட்சிக்குக் கண்ணு இருக்கே. நாக்குகூட இருக்கு. அதையே கேட்டுட்டுப் போறேனே?"

ஜேபஸ் கல்லைப் பார்த்தான், மூன்று கீறலைப் பார்த்தான், அடுப்படியைப் பார்த்தான்.

டோர்கஸ் ஓடிவந்தாள். "நான்தாங்க துரை செதுக்கினேன். அவருக்கு ஒண்ணும் தெரியாது. காலையிலதான் செஞ்சேன்."

"பாத்தியா, நல்ல பொண்டாட்டி. புருஷன் பழியைத் தன் தலையில போட்டுக்கறா" என்றார் துரை. ஒரு கல்லில் தலை செதுக்குகிறவன் மற்றக் கற்களில் என்னென்ன செய்திருப்பானோ, எதை எங்கிருந்து எடுத்து எங்கே வைத்தானோ, இதைச் சபையில் படித்தால் தன்னைத்தான் சிரிப்பார்கள் என்று பொறுமையாகவே எடுத்துச் சொன்னார். அப்படிச் சொல்லிவிட்டு உடனே கிளம்பியிருக்கலாம். கிளம்பவில்லை. உட்கார்ந்து ரொட்டியைத் தின்றுகொண்டு, சும்மா பொழுதுபோக்குக்கு என்று, அலமாரியின் வரிசையைக் கீழிருந்து மேல்வரை தன் நோட்டில் எழுதிக்கொண்டார். ஜேபஸ் ஒவ்வொன்றாகச் சொன்னான். எழுதுகிற மனிதன் நம்பாமல் எழுதமாட்டான் என்று நினைத்தான், பாவம். சிநேகிதர்களுக்கு வேடிக்கை காட்டலாம் என்று துரை அந்தக் கல்லைக் கேட்டார். அதையும் கொடுத்தான்.

டோர்கஸை அவன் அன்றும் திட்டவில்லை, அதற்குப் பிறகும் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குத் தேவலை. அவள் உளியைச் சாக்கில் சுற்றிப் பரணில் போட்டாள். குன்றில் மட்டும் பேச்சு குறையவில்லை. "மேஸ்திரி பாம்புக்குத் தலை முளைச்சுது, மேஸ்திரிக்குத்தான் முளைக்கல" என்றார்கள்.

மூன்று வருஷம் கழித்துப் பென்னக் பாதிரியார் ஒரு பெரிய புத்தகத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்தார். டோர்கஸுக்குப் படிக்கத் தெரியாது. மேஜையில் வைத்து ஜேபஸ் சத்தமாகப் படித்தான். யார்க்ஷயர் கரையின் பாறை அடுக்குகள், எழுதியவர் லேவிங்டன். கீழ்த்தட்டு, இரண்டாம் தட்டு, மூன்றாம் தட்டு, எல்லாம் அவன் சொன்ன வரிசைதான், ஒன்றுகூட மாறவில்லை. அவன் பெயர் எங்கேயும் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. ஓரிடத்தில் அடியில் பொடி எழுத்தில், கெட்டில்விக் படிகாரக் குன்றில் போலித் தலை செதுக்கி ஏமாற்றுகிற ஒரு மேஸ்திரி இருக்கிறான், கல் சேகரிப்பவர்கள் ஜாக்கிரதையாக இருக்கவும் என்று இருந்தது.

கடைசியில் படம். டோர்கஸ் எட்டிப் பார்த்தாள். ராஜா. தலையை ரம்பத்தால் அறுத்துவிட்டு வரைந்திருந்தார்கள். கல்லுக்கு லேவிங்டனின் பெயரையே வைத்திருந்தார்கள். ஜேபஸ் கீழே இருந்ததைப் படித்தான்: வாய்க்கு அருகே சாய்வாக மூன்று வரிகள் இந்த இனத்துக்கு மட்டுமே இயற்கையாக உள்ள அடையாளம், வேறு எதிலும் காணப்படாதது.

அவள் விரலை வைத்துத் தடவினாள். "இது எங்கப்பா கீறலுங்க."

ஜேபஸ் சிரிக்க ஆரம்பித்தான். இருமல் வந்து நிறுத்துகிறவரை சிரித்தான். லண்டன் சபைக்கு எழுதலாமே என்று டோர்கஸ் பாதிரியாரைப் பார்த்துக் கெஞ்சினாள். கல் எங்களுடையது, கீறல் எங்களுடையது, வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

பாதிரியார் புத்தகத்தை மூடினார். "அந்தக் கீறல் உன்னோடதுன்னு எழுதினா, போலி வேலை உங்க வீட்டுலதான் நடக்குதுன்னு நீயே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆயிடும்மா. அந்தக் கல்லு உங்களோடதுன்னு நிரூபிக்க வேற வழியும் இல்ல."

அந்தக் கோடையில் சீமான்கள் புத்தகமும் கையுமாக வந்தார்கள். தலையுள்ள பாம்பை யாரும் கேட்கவில்லை. லேவிங்டன் கல் இருக்கிறதா, அந்த மூன்று வரி இருக்கிற கல், என்று வாசலுக்கு வாசல் கேட்டார்கள். டோர்கஸ் இல்லை, இல்லை என்று சொல்லி அனுப்பினாள்.

ஒரு மத்தியானம் ஜேபஸ் பரணில் ஏறி உளியைத் தேடி எடுத்தான். சாய்ந்த அலமாரியைப் பிடித்து ஒரே உலுக்காக உலுக்கினான். அத்தனை வருஷமும் தரையில் உருண்டது. கூடை நிறைய அள்ளிக்கொண்டுவந்து அவள் மடிக்கு அருகே கொட்டினான்.

"எல்லாத்துலயும் போடு" என்றான்.

அவள் ஒரு கல்லை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். யாராவது கேட்டால் சொல்ல வேண்டுமே.

"இது எந்த அடுக்குங்க?"

ஜேபஸ் அதை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை. "தெரியாது" என்றான்.

அவள் மூன்று கீறல் போட்டாள்.