காலையில் முன்வரிசை

நீலப் புடவையை அண்ணி பீரோவுக்குள் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். அதற்குப் பதிலாகச் சாம்பல் நிறப் புடவை ஒன்று கட்டில்மேல் வந்து விழுந்தது.

"இன்னைக்கு இதுதான். டிவிக்காரங்க வர்றாங்க."

"காலைக்கு இது சரி அண்ணி. சாயங்காலம் கட்டிக்கத்தானே உங்க பொண்ணு எனக்கு அந்த நீலத்தை வாங்கிட்டு வந்தா?"

"சாயங்காலம் நீ சாப்பாட்டு ரூம்ல இருக்கப் போறே. அங்க உன்னை யாரு பாக்கப் போறாங்க?"

அண்ணி கெட்டவள் இல்லை. ஒரே மகளுக்கு அன்று மாலை மோதிரம் மாற்றப் போகிறார்கள், எங்கே எது பிசகிவிடுமோ என்று நான்கு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவள். பிசகு வரக்கூடிய இடங்களை ஒவ்வொன்றாக அடைத்துக்கொண்டு வந்தாள். நாத்தனார் அதில் ஒரு இடம்.

நாத்தனாருக்கு ஊரில் வேன் அத்தை என்று பெயர். பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவள். விடிந்ததும் விடியாததுமாகப் பெற்றவர்கள் தூக்கக் கலக்கத்தோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து அவள் கையில்தான் ஒப்படைப்பார்கள். புருஷனை இழந்தவள் முகத்தில் விழித்துவிட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் போகிறதே என்று ஒருவரும் கவலைப்பட்டதில்லை. பள்ளிக்கூடத்துக்குச் சகுனம் கிடையாது போலிருக்கிறது என்று அவள் தனக்குத்தானே சொல்லிச் சிரித்துக்கொள்வாள்.

இருபத்து மூன்று வருடங்களுக்கு முன் நாட்டில் பாதியைக் குலுக்கிப் போட்ட பூகம்பத்தில் அவள் கணவன் போனான். அந்தத் தேதி வந்தால் ஊர்மன்றத்தில் நினைவுக் கூட்டம் நடக்கும். கூட்டக் குழுவுக்கு அவளுடைய அண்ணன்தான் செயலாளர். இந்த வருடம் மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்ததும் அதே நாளில், மாலையில் மன்றம் காலியாக இருந்ததும் அதே நாளில். துக்க நாளில் நல்ல காரியமா என்று அண்ணி தயங்கியபோது அண்ணன் செயலாளர் குரலில் தீர்ப்புச் சொன்னார்: "பன்னெண்டு மணியோட துக்கம் முடிஞ்சிடும். அப்புறம் அது சாதாரண நாள்தான்."

மன்றத்துக்கும் நாற்காலிகளுக்கும் மைக்குக்கும் அப்படிப் பன்னிரண்டு மணியோடு துக்கம் விலகியது. அவளுக்கு மட்டும் அந்தச் சலுகை இல்லை.

அவளுக்கு அது பழகிப்போன விஷயம்தான். இந்த முறை உறுத்தியதற்குக் காரணம் அண்ணன் மகள். பூகம்பம் முடிந்து வெறும் கையோடு அண்ணன் வீட்டு வாசலில் வந்து நின்றவளின் மடியில் யாரோ அந்தக் கைக்குழந்தையைப் போட்டார்கள். பிடித்துக்கொள்ள அது ஒன்று இருந்ததால்தான் அவளுக்குப் பைத்தியம் பிடிக்கவில்லை. அந்தக் குழந்தைதான் வளர்ந்து போன வாரம் புடவைக் கடைப் பையோடு வந்து, "மோதிரம் போடும்போது நீ என் பக்கத்துல நிக்கணும் அத்தை. நீ இல்லேன்னா நான் கையை நீட்ட மாட்டேன்" என்றது.

"நிக்கறேன்டி" என்று இவளும் பெரிய தைரியசாலி மாதிரி வாக்குக் கொடுத்துவிட்டாள்.

காலையில் நினைவுக் கூட்டத்தில் சாம்பல் புடவையோடு முன்வரிசையில், கூட்டத் தலைவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். முன்வரிசையில் உட்காருவது ஒரு கலை. பை மடியில் இருக்க வேண்டும், கை அதன்மேல் இருக்க வேண்டும். பெரிய மனிதர்கள் எவ்வளவு நேரம் பேசினாலும் நேரே பார்த்துக்கொண்டு அசையாமல் இருக்க வேண்டும். கொட்டாவியை மூக்கு வழியாக வெளியேற்றும் வித்தைகூட அவளுக்குக் கைவந்திருந்தது.

டிவிக்காரப் பெண் மைக்கை நீட்டினாள். "கடைசியா உங்க கணவர் உங்ககிட்ட என்ன சொன்னாரும்மா?"

முதல் வருடம் இதே கேள்விக்கு அவளுக்கு வாய் திறக்க வரவில்லை. அண்ணன்தான் முன்னால் வந்து, "தைரியமா இருன்னு சொன்னாராம்" என்றார். அடுத்த வருடம் அதோடு இன்னொரு வாக்கியம் சேர்ந்தது. இப்போது அது ஒரு சின்னப் பிரசங்கம். 'நான் எங்க இருந்தாலும்' என்கிற இடம் வந்ததும், பிரேக்கை மிதித்தால் வேன் நிற்பதுபோல அவள் தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும். அன்றும் அடைத்தது. டிவிக்காரப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். நான் சினிமாவுக்குப் போயிருக்க வேண்டியவள் என்று இவள் நினைத்துக்கொண்டாள்.

உண்மையில் அவன் சொன்னது வேறு. பாதி முகத்தில் நுரையும் கையில் ரேசருமாகக் கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, "சோப்பு தீந்துபோச்சுன்னு நேத்தே சொல்லித் தொலைக்கக் கூடாதா?" என்றான். "சொன்னா மட்டும் வாங்கிக் கிழிச்சிடுவீங்களாக்கும்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டு அவள் தெருமுனைக் கடைக்குப் போனாள். சோப்பை வாங்கிக்கொண்டு திரும்பினாள். தரை ஆடியது. தூசி அடங்கியபோது அந்தப் பக்கம் தெருவே இல்லை. பிற்பகலில் யாரோ அவளை இழுத்துக்கொண்டு போனபோதும், "விடுங்க, அவர் பாதி முகத்தோட நிக்கறார்" என்று சோப்பைக் காட்டிக் காட்டி அழுதாளாம்.

நாட்டுக்கே நேர்ந்த துக்கத்தில் சவர சோப்பைக் கொண்டுபோய் எங்கே வைப்பது? அதனால் அவள் பிரசங்கத்தையே சொல்லி வந்தாள். ஆனால் அந்த எரிச்சல் பிடித்த குரலை இன்னொரு தரம் கேட்கக் கிடைத்தால் போதும் என்று இன்றைக்கும் அவளுக்கு ஏக்கமாக இருந்தது. பிரசங்கம் செய்கிற அந்தப் புருஷனை அவளுக்குத் தெரியவே தெரியாது.

கூட்டத்துக்கு மாப்பிள்ளையின் அம்மாவும் வந்திருந்தாள். பின்வரிசையிலிருந்து எழுந்து வந்து இவள் கையைப் பிடித்துக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள்.

"உங்களை டிவில பாத்து எத்தனையோ தரம் அழுதிருக்கேன். இப்படி ஒருத்தங்க இருக்கிற வீட்ல பொண்ணெடுக்கறோம்னு நினைச்சா எங்களுக்குப் பெருமையா இருக்குங்க."

வேன் அத்தைக்குத் தலை கால் புரியவில்லை. சம்பந்தியம்மாவே இப்படிச் சொன்னால் அண்ணியின் பூட்டும் சாவியும் என்ன செய்யும்? கடைசியில் அண்ணன் வழக்கம்போல மைக்கைப் பிடித்து, "அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்" என்றார். ஊரே எழுந்து தலை குனிந்தது. அந்த ஒரு நிமிடமும் இவள் இறந்தவர்களை நினைக்காமல், மேடையில் எந்தப் பக்கம் நிற்பது என்று யோசித்துக்கொண்டிருந்தாள்.

பிற்பகலில் மன்றத்தில் கறுப்புத் துணியைக் கழற்றி மஞ்சள் துணி கட்டினார்கள். அவளும் கூடமாட நின்று கறுப்பைச் சுருட்டிக் கொடுத்தாள். மாலையில் விருந்தினர் வரத் தொடங்கியதும் அண்ணி வேகமாக வந்து அவளை ஓரமாக இழுத்தாள்.

"உள்ள போயிடு. பையனோட அம்மாவும் சொல்லிட்டாங்க. மோதிரம் மாத்தி முடியற வரைக்கும் நீ கண்ணுல பட வேணாமாம்."

"காலையில என் கையைப் புடிச்சுப் பெருமைன்னாங்களே அண்ணி."

"பெருமை வேற, மோதிரம் வேற. புரிஞ்சுக்கோ."

புரிந்தது. நல்ல பிள்ளை மாதிரி அவள் சாப்பாட்டு அறைக்கும் போனாள். அடுக்கிய தட்டுகள் இருந்தன, தண்ணீர் டிரம் இருந்தது, உட்கார ஒரு முக்காலிகூட இருந்தது. காலையில் வரிசைகட்டி வந்து கைகொடுத்த தலைவர்களை நினைத்தாள். வேன் அத்தைக்கு வந்த வாழ்வு இது என்று சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு வரவில்லை, கோபம்தான் வந்தது. அதிலும் பாதி தன் மேலேயே வந்தது. இத்தனை வருடம் அழச் சொன்ன இடத்தில் அழுதோம், ஒளியச் சொன்ன இடத்தில் ஒளிந்தோம், ஒரு தரமாவது ஏன் என்று கேட்டோமா?

கதவிடுக்கு வழியாக மேடை தெரிந்தது. பெண் இரண்டு கைகளையும் மடியில் பொத்தி வைத்துக்கொண்டு யாரையோ தேடிக்கொண்டிருந்தாள்.

வேன் அத்தை வெளியே வந்து, நேரே போய், காலையில் உட்கார்ந்த அதே முன்வரிசை நாற்காலியில் உட்கார்ந்தாள்.

அண்ணி கண்ணால் எரித்தாள். சம்பந்தியம்மா முந்தானையை இழுத்துவிட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பினாள். அண்ணன் குனிந்து காதோரம், "ஏம்மா, எழுந்து உள்ள போயேன். மானத்தை வாங்காத" என்றார். அவள் பையை மடியில் வைத்து, கையை அதன்மேல் வைத்து, நேரே பார்த்தாள். எத்தனையோ பெரிய மனிதர்களின் பேச்சையே அசையாமல் தாங்கிய உடம்பு. அண்ணன் எம்மாத்திரம்?

நேரமாகிவிட்டது. அண்ணன் வியர்த்து விறுவிறுத்து மேடையேறி மைக்கைப் பிடித்தார். எதிரே அதே மன்றம், அதே முகங்கள், அதே நாற்காலியில் சாம்பல் நிறப் புடவையில் தங்கை. வாய் தன் பாட்டுக்கு வேலையைத் தொடங்கிவிட்டது.

"பெரியோர்களே, அனைவரும் எழுந்து நின்று ஒரு நிமிடம் மௌனம் அனுசரிப்போம்."

மன்றம் முழுவதும் எழுந்து நின்று தலையைக் குனிந்தது. இருபத்து மூன்று வருடப் பழக்கம், யாருக்கும் யோசிக்கத் தோன்றவில்லை. மாப்பிள்ளையும் மோதிரப் பெட்டியும் கையுமாக எழுந்து குனிந்தான். அண்ணனுக்குப் பாதியில் உறைத்துவிட்டது. முகம் வெளுத்துப்போய், எப்படி முடிப்பது என்று தெரியாமல் நின்றார். அவருக்குத் தெரிந்த முடிவு ஒன்றுதான்.

"நன்றி. அமரலாம்."

எல்லோரும் உட்கார்ந்தார்கள். உட்கார்ந்த பிறகுதான் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். வேன் அத்தை வாயைப் பொத்திக்கொண்டும் சிரிப்பு பீறிட்டுவிட்டது.

சம்பந்தியம்மா அண்ணனுக்குத் தண்ணீர் கொடுக்கச் சொன்னாள். "பாவம், வாய் தவறிடுச்சு. பழக்க தோஷம்தானே, விடுங்க" என்று பெருந்தன்மையாகச் சொன்னாள். சொன்ன கையோடு அவள் கண் முன்வரிசைக்குப் போனது. அண்ணி அழுதுகொண்டே நாத்தனாரிடம் வந்தாள்.

"பாத்தியா? முன்னால வந்து உக்காராதேன்னு தலையில அடிச்சுக்கிட்டேனே. உன்னாலதான் இப்படி ஆச்சு."

மைக் இருந்தது அண்ணன் கையில். பேசியது அண்ணன் வாய். எழுந்து நின்றது ஊர். குற்றம் மட்டும் இவளுடையது. அவள் வீட்டை விட்டுக் காலை வெளியே வைத்த நேரம்தான் பூமி பிளந்தது என்று பூகம்பத்தையே அவள் தலையில் கட்டியவர்கள் உண்டு. இந்த மைக்கையும் சேர்த்துச் சுமந்தால் கழுத்து ஒன்றும் ஒடிந்துவிடாது என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி அண்ணி, என்னாலதான்" என்று எழுந்தாள். "வர வேண்டிய கெட்டது வந்து முடிஞ்சாச்சு. இனிமே நான் உள்ள போய் உக்காந்து யாரைக் காப்பாத்தப் போறேன்?"

மேடையை நோக்கி நடந்தாள். செயலாளர் அமரச் சொல்லியிருந்ததால் ஒருவரும் எழுந்து தடுக்கவில்லை. படியேறி அண்ணன் மகளின் பக்கத்தில் போய் நின்றாள்.

பெண் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, கையை நீட்டினாள்.