துரையைப் பிடிக்க நாலு நாள்

துரை ஒரு மீன். கௌராமி வகை. உள்ளங்கை நீளம், செங்கல் நிறம், நெஞ்சுக்குக் கீழே மீசைபோல இரண்டு நூல். மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வீட்டுக் கூடத்தில், நாலடி நீளத் தொட்டியில், சின்னஞ்சிறு டெட்ரா மீன்களை மிரட்டிக்கொண்டு ராஜாங்கம் நடத்தி வந்தான். தொட்டிதான் கடைக்காரருடையது. துரை அவர் மகளுடைய சொத்து. கல்யாணமாகிப் போன இடத்தில் தொட்டி வைக்கக் கையகல இடமில்லை. அதனால் மீனை அப்பாவிடம் விட்டுவிட்டு, இரண்டு மணி நேரம் பஸ்ஸில் வந்து ஞாயிறுதோறும் பார்த்துவிட்டுப் போவாள்.

இப்போது பெரிய வீட்டுக்கு மாறியாகிவிட்டது. "அப்பா, புதுத் தொட்டி வாங்கிட்டேன். ஞாயித்துக்கிழமை துரையை எடுத்துக்கறேன், பிடிச்சு வைங்க" என்று புதன்கிழமை போனில் சொன்னாள்.

கேட்டுக்கொண்டிருந்த மனைவி, துணி மடிப்பதை நிறுத்தினாள்.

"மீன் போச்சுன்னா அவ வர்றதும் போச்சு."

"என்ன பேச்சு இது? நம்மளைப் பாக்கத்தானே வர்றா?"

"செருப்பைக் கழட்டினதும் எங்க போறா? நேரா தொட்டிகிட்ட. நம்ம பக்கம் திரும்பவே பத்து நிமிஷம் ஆகுது."

அவர் சிரித்து மழுப்பிவிட்டார். ஆனால் யோசித்துப் பார்த்தால், மகளும் அவரும் இத்தனை மாதமாகப் பேசியதெல்லாம் மீன் பேச்சுத்தான்.

இருந்தாலும் வாக்குக் கொடுத்தாயிற்றே. வியாழக்கிழமை காலையில் வலையை எடுத்தார். வெறும் தொட்டியில் மீன் பிடிப்பது ஒரு வேலையே இல்லை. இதுவோ செடித்தொட்டி. தரை முழுக்கப் புல், பின்னால் நாடா நாடாவாகத் தண்ணீரின் மேல்மட்டம் வரை வளர்ந்த இலைகள், நடுவில் பாசி போர்த்திய மரவேர். ஒவ்வொரு புல்லையும் இடுக்கியால் பிடித்து அவரே நட்டது. இரண்டு வருட உழைப்பு. வலை தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், துரை வேருக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டான். வலையைத் திருப்பினால் பாசி பிய்கிறது, தள்ளினால் புல் பெயர்கிறது. தெருவுக்கே கண்பார்வை சோதிக்கிற மனிதர், கண்ணாடியை ஏற்றி இறக்கி முக்கால் மணி நேரம் தேடியும் வால்கூடத் தெரியவில்லை.

பிறகு மூளையைக் கசக்கி ஒரு பொறி செய்தார். பெரிய தண்ணீர் பாட்டிலின் கழுத்தை வெட்டி, தலைகீழாக அதே பாட்டிலுக்குள் செருகினார். உள்ளே தீனி. மீன் நுழைந்தால் வெளியே வர வழி தெரியாமல் முழிக்கும். வயிறு காய்ந்தால்தான் வரும் என்று தொட்டிக்கு முழுப் பட்டினி போட்டார். யாரும் ஒரு துணுக்கும் போடக்கூடாது என்று மனைவியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுக் கடைக்குப் போனார்.

வெள்ளிக்கிழமை பொறியில் பதினோரு டெட்ராவும் ஒரு நத்தையும் மாட்டியிருந்தன. துரை வெளியே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தான். பட்டினி கிடக்கிற மீனுக்கு வயிறு ஏன் இப்படிப் புடைத்திருக்கிறது என்று அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

சனிக்கிழமை மதியம் சீக்கிரம் வீடு திரும்பியபோதுதான் விஷயம் புரிந்தது. மனைவி கையை முழங்கை வரை தண்ணீரில் விட்டு நின்றாள். விரல் நுனியில் உலர்ந்த புழு. துரை நிதானமாகக் கடித்துத் தின்றுகொண்டிருந்தான்.

"என்ன பண்ற நீ?"

"பாத்தா தெரியலயா? ஊருக்கெல்லாம் கண்ணாடி போடறீங்க."

"எத்தனை நாளா நடக்குது?"

"அவ போன நாள்லேருந்து. தினமும் மத்தியானம். என் கையைத் தவிர வேற எங்கயும் திங்காது."

"நான் மூணு நாளா நாய் படாத பாடு படறேன். ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

"சொல்லியிருந்தா பிடிச்சிருப்பீங்க."

அவருக்குக் கோபம் வந்த வேகத்தில் போய்விட்டது. "கூப்பிட்டா வரமாட்டாளா என்ன?" என்றார்.

"கூப்பிட்டா வருவா. கூப்பிடாம வந்துட்டிருந்தாளே." அவர் தொட்டியிலிருந்து பொறியை வெளியே எடுத்து வைத்தார்.

ஞாயிறு பத்து மணிக்கு மகள் மூடி போட்ட வாளியோடு வந்தாள்.

"பிடிபடலம்மா. அடுத்த வாரம் பாக்கலாம்" என்றார், முகத்தைப் பார்க்காமல். அவருக்குப் பொய் சொல்ல வராது.

"அதுக்கென்ன, நானே பிடிக்கறேன்." அவள் சட்டைக் கையை மடித்துவிட்டு நாடா இலைகளைக் கொத்தாகப் பற்றினாள். "இதையெல்லாம் பிடுங்கிட்டு அப்புறமா நட்டுக்கலாம்பா."

அவருக்கு உயிரே போய்விட்டது. வாயைத் திறப்பதற்குள் மனைவி குறுக்கே வந்தாள். ஒரு கையில் எவர்சில்வர் குவளை. மறுகை விரலில் புழு. குவளையைத் தண்ணீரில் சாய்த்து, அதன் வாய்க்குள் விரலை நீட்டினாள். துரை மாப்பிள்ளை மாதிரி மிடுக்காக உள்ளே வந்தான். தூக்கினாள். ஒரு இலைகூட அசையவில்லை.

மகள் இலைகளை விட்டுவிட்டுக் குவளைக்குள் எட்டிப் பார்த்தாள்.

"இது என் கையாலதான் சாப்பிடும். புது இடம் வேற. பழக்கிவிட ஒரு வாரமாவது ஆகும்" என்றாள் மனைவி. "பையைக் கட்டி வச்சுட்டேன். உனக்குத் தொந்தரவா இருந்தா சொல்லிடு."

மகள் வாளியை நீட்டினாள். "முதல்ல இதுல விடும்மா. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

அப்படியாக ஒரே பஸ்ஸில் மீனும் போயிற்று, மனைவியும் போனாள். அவர் செடிகளைப் பார்த்துக்கொண்டு தனியாகச் சாப்பிட்டார்.

செவ்வாய்க்கிழமை மதியம், கடையில் இருந்தபோது மகளிடமிருந்து போன்.

"துரை சாப்பிடறானாம்மா?"

"வந்த அன்னிக்கே என் கையால சாப்பிட்டுட்டான்பா. அம்மா குளிக்கப் போனப்ப கொடுத்துப் பாத்தேன்." அவள் குரலைத் தாழ்த்திக்கொண்டாள். "என் கிட்டவே வரமாட்டேங்கறான்னு அம்மாகிட்ட சொல்லி வச்சிருக்கேன். நீங்க உளறிடாதீங்க. தெரிஞ்சா கிளம்பிடுவாங்க."