ஸ்டாண்டில் மட்டும் அணைகிற வண்டி

யாஹைராவின் மோட்டார் சைக்கிள் வீட்டில் இருக்கும்வரை தங்கமான வண்டி. முதல் உதையில் கிளம்பும். சந்துக்குள் பத்துச் சுற்றுச் சுற்றினாலும் முணுமுணுக்காது. நாகுவா ஊரின் ஆஸ்பத்திரி முனையில் இருக்கும் மோட்டார் சைக்கிள் டாக்ஸி ஸ்டாண்டுக்கு வந்து, அவள் முறை வந்து, பின்னால் ஓர் ஆள் ஏறி உட்கார்ந்ததும்தான் அதற்குச் சாவு வரும். அலாரம் கீச்சென்று ஒருதரம் கத்தும், எஞ்சின் அணைந்துவிடும். அதன்பிறகு உதைத்தாலும் தள்ளினாலும் அசையாது. ஏறியவர் இறங்கி அடுத்த வண்டியில் போய்ச் சேர்ந்த பிறகு, ஒன்றுமே நடக்காததுபோல் கிளம்பும்.

அலாரத்தை மாட்டியது அவளேதான். அதுதான் வினை. ஆஸ்பத்திரி வாசலிலேயே இரண்டு வண்டிகள் திருடுபோன பிறகு, சந்தையில் ஓர் அலாரப் பெட்டி வாங்கி வந்தாள். மெக்கானிக்கிடம் போகாமல் போனில் வீடியோ பார்த்து, கொல்லையில் உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தாள். சாவியிலிருந்து வரும் வயரை வெட்டி, இரண்டு முனைகளையும் பெட்டி வழியாகக் கொண்டுபோய், முறுக்கி, டேப் சுற்றினாள். முதல்தரம் சைரன் அலறியபோது மகள் நயேலி கைதட்டினாள், பக்கத்து வீட்டுக்காரி வாய்விட்டு வைதாள். மறுநாள் ஸ்டாண்டில் எல்லோரிடமும் ‘நானே மாட்டினேன்’ என்று சொல்லிவிட்டாள். சொல்லாமல் இருந்திருக்கலாம். ஆனால் பெருமையை வாய்க்குள்ளேயே வைத்துக்கொள்ள யாரால் முடிகிறது?

பெட்டியில் இரண்டு ரிமோட்டுகள் இருந்தன. ஒன்றைச் சாவியில் கோத்துக்கொண்டாள். இன்னொன்றை எலிஹியோவிடம் கொடுத்தாள். எவனாவது அவளைத் தள்ளிவிட்டு வண்டியைப் பறித்துக்கொண்டு ஓடினால், பக்கத்தில் இருக்கும் எலிஹியோ பொத்தானை அழுத்தினால் போதும், எஞ்சின் நின்றுவிடும்.

எலிஹியோ அவள் மகளுக்கு ஞானஸ்நானத்தில் ஞானத்தகப்பனாக நின்றவன். புருஷன் தலைநகரத்துக்குப் போய் அங்கேயே இன்னொருத்தியோடு தங்கிவிட்டபோது, அவளை இந்த ஸ்டாண்டுக்கு அழைத்து வந்தவன் அவன்தான். பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை என்று மற்றவர்கள் முரண்டு பிடித்தார்கள். அவன் தன் ஸ்டாண்டு நம்பர் போட்ட சட்டையைக் கழற்றி, அவர்கள் டொமினோக் கட்டை ஆடும் மேசையில் எறிந்து, “அவ உள்ள வரலேன்னா நான் வெளிய போறேன்” என்றான். அந்த ஒரு வார்த்தைக்காக அவள் அவனைச் சாமிக்கு அடுத்தபடியாக வைத்திருந்தாள்.

அப்படிக் கிடைத்த இடத்துக்குத்தான் இப்போது ஆபத்து வந்திருந்தது. வண்டி படுத்துக்கொண்ட ஒவ்வொரு முறையும் டொமினோ மேசையிலிருந்து கிண்டல் கிளம்பும்.

“அது வண்டியில்லடா, ரொட்டி சுடுற அடுப்பு. அவ கை பட்டா அணைஞ்சிடும்.”

“வயரை முடிச்சுப்போடச் சொன்னா சடை பின்னிருப்பா.”

எலிஹியோ மட்டும் அதட்டுவான். “சும்மா இருங்கடா. பிள்ளையை வெச்சுக்கிட்டு அவ படுற பாடு உங்களுக்கு என்ன தெரியும்?” பிறகு எழுந்து வந்து அவள் தோளைத் தட்டி, “விடு தங்கச்சி, அவங்கள நான் கொண்டுபோய் விட்டுடுறேன்” என்று அவளுடைய ஆளை ஏற்றிக்கொண்டு போவான்.

வெள்ளிக்கிழமை ஸ்டாண்டுத் தலைவர் பெர்சியோ அவளைக் கூப்பிட்டார்.

“இந்தா பாரு யாஹைரா. ஆஸ்பத்திரிக்கு அவசரமா வர்றவங்க ஏறுற இடம் இது. உன் வண்டி நடுவழியில நின்னா பேர் கெடுறது ஸ்டாண்டுக்கு. இன்னொரு தடவ ஆளோட நின்னுச்சுன்னா சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டுப் போயிடு.”

“வீட்டுல நல்லாத்தான் ஓடுது, தலைவரே.”

“அப்போ வீட்டுலயே ஓட்டு.”

மேசை முழுக்கச் சிரித்தது. எலிஹியோ சிரிக்கவில்லை. அதையும் அவள் நன்றியோடு கவனித்தாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைப் பூசைக்கு அனுப்பிவிட்டு வண்டியைப் பிரித்துப் போட்டாள். பேட்டரி முனைகளைச் சுரண்டினாள். எர்த் வயர் போல்ட்டுக்குக் கீழே இருந்த பெயின்ட்டைத் தேய்த்து எடுத்து மறுபடி இறுக்கினாள். தான் போட்ட முடிச்சு ஒவ்வொன்றையும் அவிழ்த்துப் பார்த்தாள். எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. வண்டியை ஓடவிட்டு வயர்க் கற்றையைப் பிடித்து ஆட்டினாள், உலுக்கினாள், கடைசியில் அழுகை வந்து ஒரு குத்தும் விட்டாள். அது பாட்டுக்கு ஓடியது. குற்றம் கண்ணுக்குத் தெரிந்தால் திருத்தலாம். தன் கையில்தான் குற்றம் என்று ஊரே சொல்கிறது, அந்தக் கைக்கோ எங்கே என்று தெரியவில்லை. அவளுக்குத் தன்மேலேயே வெறுப்பு வந்தது.

தெருக்கோடி மெக்கானிக்கைக் கூட்டி வந்தாள். அவனும் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினான்.

“ஸ்டாண்டுல வெயில்ல நிக்குதுல்ல, அலாரப் பெட்டி சூடாகி உள்ள கரண்ட்டை வெட்டுற ரிலே விட்டுக்குடுக்குதோ என்னவோ. கழட்டிக் கடாசு. ஆமா, இன்னொரு ரிமோட் எங்க?”

“எலிஹியோ அண்ணன்கிட்ட இருக்கு. என்கிட்ட இருக்கற மாதிரிதான்.”

அலாரத்தைக் கழற்றலாமா என்று எலிஹியோவுக்குப் போன் போட்டுக் கேட்டாள். “பைத்தியமா உனக்கு? நாளைக்கே எவனாவது தள்ளிக்கிட்டுப் போயிடுவான். அலாரம் இருக்கட்டும். வேணும்னா கொஞ்ச நாள் வீட்டுல இரு தங்கச்சி, நான் தலைவர்கிட்ட பேசிக்கிறேன்” என்றான்.

வீட்டில் இருந்தால் அடுப்பு எப்படி எரியும்? அவள் இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை செய்தாள். அலாரத்தைக் கழற்றவில்லை. பெட்டியின் சைரனும் சிவப்பு விளக்கும் வழக்கம்போல வேலை செய்தன. ஆனால் சாவி வயரின் இரண்டு முனைகளையும் பெட்டியிலிருந்து உருவி, நேராக ஒன்றோடொன்று இணைத்துவிட்டாள். இனி பெட்டி எத்தனை கத்தினாலும் எஞ்சினை நிறுத்த அதனால் முடியாது. நாளைக்கும் வண்டி நின்றால் கோளாறு வேறெங்கோ. நிற்காவிட்டால் பெட்டிதான் குற்றவாளி, புதுப் பெட்டி வாங்கிவிடலாம். அவ்வளவுதான் அவள் நினைத்தது. யாரிடமும் சொல்லவில்லை. சொல்லிச் சொல்லிப் பட்டது போதும் என்றிருந்தது.

திங்கள் காலை அவள் முறை வந்தது. ஏறியது மிர்தா அம்மாள், சர்க்கரை நோய்க்கு ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்புகிறவர். யாஹைரா உதைத்தாள், கிளம்பியது. கியர் போடப் போனாள்.

கீச்.

சிவப்பு விளக்கு எரிந்தது. ஆனால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

டொமினோ மேசையிலிருந்து எலிஹியோ தலையைத் தூக்காமலே சொன்னான். “ஐயோ, மறுபடியும் படுத்துக்கிச்சா? விடு தங்கச்சி. மிர்தா அம்மா, இறங்கி வாங்க, நான் கொண்டுபோய் விடுறேன்.”

“எதுக்கு இறங்கணும்?” என்றார் மிர்தா அம்மாள். “வண்டி ஓடிக்கிட்டுதானே இருக்கு?”

எலிஹியோ நிமிர்ந்தான். ஒரு கையில் டொமினோக் கட்டைகள், மறு கை கால்சட்டைப் பைக்குள். அந்தக் கை அசைந்தது. கீச். விளக்கு அணைந்தது. மறுபடி அசைந்தது. கீச். விளக்கு எரிந்தது. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்தது.

பிள்ளையையும் கிள்ளிவிட்டுத் தொட்டிலையும் ஆட்டுவது என்பார்களே, அதை யாஹைரா அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தாள். இத்தனை நாளும் அவள் தோளைத் தட்டிய கை அது.

மற்றவர்கள் என்ன சொல்லப் போகிறார்கள் என்று மேசையைத் திரும்பிப் பார்த்தாள். தினம் சாகிற வண்டி இன்றைக்குச் சாகவில்லையே என்று ஒருவனாவது வண்டியைப் பார்த்திருக்க வேண்டும். ஒருவனும் பார்க்கவில்லை. பெர்சியோ உட்பட அத்தனை பேரும் எலிஹியோவின் கால்சட்டைப் பையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. அவள் தன் முடிச்சுகளை அவிழ்த்துப் பார்த்து அழுதாளே, அப்போதும் தெரிந்திருக்கிறது. கியரைப் போட்டு மிர்தா அம்மாளைக் கொண்டுபோய் வீட்டு வாசலில் இறக்கிவிட்டாள். திரும்பி வரும் வழி முழுவதும் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தாள்.

மேசையில் ஆட்டம் நடக்கவில்லை. அவள் எலிஹியோவின் முன்னால் போய் நின்றாள்.

“ஏன் அண்ணே?”

அவன் ரிமோட்டை எடுத்து மேசையில் வைத்தான். முகத்தில் வெட்கம் இல்லை, கோபம்தான் இருந்தது.

“என் முறையில வந்து நிக்குற நர்சுங்க எல்லாம், ‘பரவால்ல, யாஹைரா வரட்டும்’ங்குறாளுங்க. என் கண்ணு முன்னாடி. உன்னைக் கையப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்தவன் நான். என் சோத்துலயே கை வெச்சா எப்படி?”

“என்கிட்ட சொல்லிருக்கலாமே.”

“சொல்லி? ஆளுங்களத் திருப்பி அனுப்பியிருப்பியா?”

பெர்சியோ தொண்டையைச் செருமினார். பஞ்சாயத்தை முடித்துவைக்கிற பெரிய மனிதரின் குரல் வந்தது.

“சரி, சரி. நடந்தது நடந்துபோச்சு. சட்டை உன்கிட்டயே இருக்கட்டும், யாரும் கேக்க மாட்டாங்க. வயரும் சரியாயிடுச்சு. போய் வரிசையில நில்லு.”

“வயரு என்னைக்குமே சரியாத்தான் இருந்துச்சு, தலைவரே” என்றாள் யாஹைரா.

யாரும் தலை நிமிரவில்லை. அவள் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் வரிசையின் கடைசியில், அவர்களுக்கு முதுகு காட்டி நிறுத்தினாள்.