நாலாவது நட்டு

ஓஸ்வால்ட் திருடினார் என்று யாராவது சொன்னால் ஆஸ்டின் டவுனில் சொன்னவனுக்குத்தான் உதை விழும். சர்ச்சில் காணிக்கைத் தட்டு ஏந்திப் போகிற மனிதர். கடைக்காரன் மீதிச் சில்லறையைக் கூடக் கொடுத்துவிட்டால், வெயில் என்றும் பார்க்காமல் திரும்பி நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவர். அப்பேர்ப்பட்டவர் ஆயுத பூஜை அன்று பட்டப்பகலில், பக்கத்து வீட்டுப் பச்சைமுத்துவின் மாருதி வேனுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் குந்தி உட்கார்ந்து சக்கரத்து நட்டைக் கழற்றினார் என்றால் என்னத்தைச் சொல்ல. எல்லாம் அவர் வாங்கிய செகண்ட் ஹேண்ட் வேன் படுத்திய பாடு.

அந்த வேன் வீட்டுக்கு வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. மறுநாள் காலையில் அவர் மனைவி மௌரீனின் தம்பி கிளெமென்ட் துபாயிலிருந்து வருகிறான். "நம்ம வண்டிலயே போயி கூட்டிட்டு வரப் போறோம்" என்று மௌரீன் தெரு முழுக்கச் சொல்லி முடித்திருந்தாள். சரி, மச்சான் வருகிறானே, வழுக்கையாய்ப் போன பின் டயரையாவது மாற்றுவோம் என்று ஓஸ்வால்ட் ஸ்டெப்னியை எடுத்து மாட்டினார். நாலு நட்டில் மூன்று ஒழுங்காக ஏறின. நாலாவது சுற்றிக்கொண்டே இருந்தது, இறுகவே இல்லை. முன்னால் வைத்திருந்த புண்ணியவான் கோணலாக முடுக்கி முடுக்கி நட்டின் மரையைத் தின்றிருந்தான்.

புது நட்டு வாங்கலாம் என்றால் ஆயுத பூஜை. கடையெல்லாம் மாவிலை கட்டி, பூசணிக்காய் உடைத்து, ஷட்டரை இழுத்துவிட்டார்கள்.

"மூணு நட்டுல ஏர்போர்ட் போவாதா வண்டி?" என்றாள் மௌரீன்.

தாராளமாகப் போகும். அப்போதெல்லாம் தொம்மலூரைத் தாண்டினால் ஏர்போர்ட். ஆனால் கிளெமென்ட் துபாயில் கார் கம்பெனியில் வேலை பார்க்கிறவன். வந்ததும் வண்டியைச் சுற்றிவருவான், இல்லாத நட்டுதான் அவன் கண்ணில் முதலில் படும், அதைச் சொல்லித் திரும்பிப் போகும்வரை சிரிப்பான். ஒரு நட்டைத் திருடுவதற்கு ஓஸ்வால்டிடம் இருந்த காரணம் இவ்வளவுதான். வெட்கக்கேடு.

பச்சைமுத்து பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவன். அவனுடையதும் அதே வேன், அதே நட்டு. காலையில் அவன் மனைவி வள்ளியம்மா வண்டியைக் கழுவி, மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தாள். மற்றவர்கள் கண்ணாடியில் ஒன்று, விளக்கில் ஒன்று என்று வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்வார்கள். வள்ளியம்மா எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. ஸ்டியரிங்கில் தொடங்கி சக்கரத்தின் ஒவ்வொரு நட்டுக்கும் பொட்டு வைத்திருந்தாள். அந்தப் பூஜையின் பொரியையும் சுண்டலையும் மத்தியானம் ஓஸ்வால்ட்தான் இரண்டாம் தடவை கேட்டு வாங்கித் தின்றார்.

கேட்டிருக்கலாம்தான். பூஜை போட்ட வண்டியில் ஸ்பேனர் வைக்கட்டுமா என்று எந்த வாயால் கேட்பது? அதனால் கேட்காமல் வைத்தார். பூஜை போட்ட வண்டியை மறுநாள் வரைக்கும் எடுக்க மாட்டார்கள், அன்றைக்குப் பள்ளிக்கூடமும் லீவு, கடை திறந்ததும் புதுசு வாங்கி மாட்டிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்று கணக்குப் போட்டார். அவர்கள் சாப்பிட்டுப் படுத்திருந்த நேரம். முதல் நட்டில் ஸ்பேனரை வைத்து ஒரு சுற்றுச் சுற்றியிருப்பார், மாடியில் குடியிருக்கிற ஜானகி கதவைத் திறக்கிற சத்தம். பதறிப்போய்ப் பக்கத்து நட்டுக்குத் தாவினார். அது சட்டென்று கழன்று வந்தது. பனியனில் துடைத்துக்கொண்டு வந்து தன் சக்கரத்தில் மாட்டினார்.

மறுநாள் விமான நிலையத்தில் கிளெமென்ட் சக்கரத்தைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஏறியதும் வாயைத் திறந்துகொண்டு தூங்கினான்.

வீட்டுக்கு வந்தால் பச்சைமுத்துவின் வேன் நின்ற இடம் காலி. தரையில் நாலு எலுமிச்சம்பழம் நசுங்கிக் கிடந்தது.

"எங்க போயிருக்காங்க?" என்று மாடியைப் பார்த்துக் கேட்டார்.

"கிருஷ்ணகிரிக்கு" என்றாள் ஜானகி. "விஜயதசமி நல்ல நாளாச்சே. உஷாவயும் கொழந்தயயும் மாமியார் வூட்ல கொண்டுபோயி உட்டுட்டு வரப் போயிருக்காங்க."

உஷா பச்சைமுத்துவின் மகள். பிரசவத்துக்கு வந்தவள். ஆயுத பூஜைக்கு மறுநாள் நல்ல நாள் என்பதும், நல்ல நாளில்தான் பிள்ளையைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புவார்கள் என்பதும் இத்தனை வருஷம் பக்கத்து வீட்டில் இருந்தும் ஓஸ்வால்டுக்கு உறைக்கவில்லை. போட்ட கணக்கில் நாசமாய்ப் போன கணக்கு அதுதான். தன் மச்சான் மெத்தென்று தூங்கிக்கொண்டு வர, ஒரு பச்சைக் குழந்தையை மூன்று நட்டில் ஹைவேயில் அனுப்பியிருக்கிறார்.

மூன்றா? அப்போதுதான் அந்த முதல் நட்டு ஞாபகம் வந்தது. தளர்த்தினோமே, திரும்ப முடுக்கினோமா?

எவ்வளவு யோசித்தும் முடுக்கியதாக ஞாபகம் இல்லை. கையில் ஸ்பேனர் இருந்தது ஞாபகம் இருக்கிறது, ஜானகியின் கதவு ஞாபகம் இருக்கிறது, பொரி தொண்டையில் ஏறி வந்தது ஞாபகம் இருக்கிறது. முடுக்கியது மட்டும் இல்லை.

அன்றைக்கு அவர் பட்ட பாட்டை எதிரியும் படக்கூடாது. பிரியாணித் தட்டைத் தொட்டுவிட்டுத் தள்ளினார். கிளெமென்ட் சென்ட் பாட்டிலைத் திறந்து மணிக்கட்டில் அடித்துவிட்டான், அவர் எழுந்து போய்க் குழாயில் கழுவிவிட்டு வந்தார். போன் பண்ணலாம், யாருக்கு? உஷா மாமியார் வீட்டு நம்பர் யாரிடமும் இல்லை. ஜபம் செய்யலாம் என்று உட்கார்ந்தார். ஆண்டவரே, நான் திருடிய நட்டு இல்லாமலேயே அந்த வண்டியை ஓட்டி வையும் என்றா கேட்பது? எழுந்துவிட்டார். கேட்டுக்கும் வாசலுக்கும் நடந்தார். அந்தக் குழந்தைக்கு அவர் வாங்கிக் கொடுத்த தொப்பி பச்சைமுத்து வீட்டுக் கொடியில் காய்ந்துகொண்டிருந்தது. எடுத்துப் போக மறந்திருக்கிறார்கள்.

விளக்கு வைக்கிற நேரத்துக்கு ஹாரன் சத்தம் கேட்டது. ஓஸ்வால்ட் வெளியே ஓடினார்.

பச்சைமுத்து இறங்கி வந்தான். "அண்ணே, சாமிதான் காப்பாத்திச்சி. ஓசூர் தாண்டிப் போயினு இருக்கோம், பின்னாடி கடகடன்னு சத்தம். ஓரங்கட்டி எறங்கிப் பாத்தா ஒரு நட்டே இல்ல. இன்னொண்ணு கையாலயே சுத்துது. அந்தப் பக்கம்தான் உஷா, மடில கொழந்த."

"அப்புறம்?"

"பங்சர் கடைக்காரன் ஒருத்தன் பழைய நட்டு ஒண்ணு குடுத்தான், மாட்டிக்கினு போனோம். பூஜ போட்ட வண்டியில கை வச்சிருக்கான் பாருங்கண்ணே. அவன் வெளங்குவானா?"

சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஓஸ்வால்ட் வாயைத் திறந்தார். கடைசி வார்த்தையைக் கேட்டதும் வாய் தானாக மூடிக்கொண்டது. வள்ளியம்மா ஒன்றுமே பேசாமல் கொடியிலிருந்த தொப்பியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். பேத்தியை விட்டுவிட்டு வந்த துக்கம் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

அடுத்த நாள் பச்சைமுத்து அவரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக, ஸ்பேர் பார்ட்ஸ் கடைகள் இருக்கிற ஜே.சி. ரோடுக்குக் கூட்டிப்போனான். சக்கரத்துக்குப் பூட்டு நட்டு வாங்க வேண்டுமாம். டப்பாவில் இங்கிலீஷ் இருக்கும், அண்ணன்தான் படித்துப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டுமாம். திருடனையே கூட்டிப்போய்ப் பூட்டு வாங்கிய ஆள் பெங்களூரில் இவன் ஒருத்தனாகத்தான் இருப்பான்.

கடைக்காரர் முகேஷ் இரண்டு வகை எடுத்து வைத்தார். இரண்டுமே சக்கரத்துக்கு ஒன்று போட்டால் போதும், அதற்கென்று உள்ள சாவி இல்லாமல் கழற்ற முடியாது. ஒன்று சாதாரணம். இன்னொன்றில் நட்டுக்கு மேல் ஓர் ஓடு, எந்த ஸ்பேனரை வைத்தாலும் ஓடு மட்டும்தான் சும்மா சுற்றும்.

"உங்க திருடன் எப்படி ஆளு? பெரிய டூல் வச்சினு வர்றவனா?" என்று கேட்டார் முகேஷ்.

"இல்ல, வண்டியோட வர்ற ஸ்பேனர்தான்" என்றார் ஓஸ்வால்ட். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அண்ணனுக்கு எவ்ளோ வெவரம் பாத்தியா சேட்டு" என்றான் பச்சைமுத்து, பெருமையாக.

ஓஸ்வால்ட் ஓடு வைத்ததையே எடுத்தார். நட்டின் அடிப்பக்கம் பழைய நட்டைப் போலவே கூம்பாக இருக்கிறதா, சக்கரத்துக் குழியில் சரியாக உட்காருமா என்று பழசையும் புதுசையும் பக்கத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன்னை வெளியே நிறுத்தத் தானே இவ்வளவு பாடுபட்டார். திருடியதற்குப் பதிலாக ஒரு புது நட்டும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். ஆனால் பூட்டு போட்டதும் ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு பழைய நட்டு மிச்சமாகிவிடும். திருப்பிக் கொடுத்தாலும் அது பச்சைமுத்துவுக்கு வேண்டாத நட்டு.

வீட்டுக்கு வந்து அவரே உட்கார்ந்து மாட்டினார். ஒரு நட்டு, பிறகு அதற்கு எதிர் நட்டு என்று மாற்றி மாற்றி முடுக்கினார். நாலு சக்கரத்தையும் சுற்றிவந்து, மறுபடி முதலிலிருந்து ஒவ்வொன்றையும் இழுத்துப் பார்த்தார். சட்டை நனைந்து முதுகில் ஒட்டிக்கொண்டது.

"போதும்ண்ணே, எங்கூடப் பொறந்தவன்கூட இப்டிப் பாக்க மாட்டான்" என்றான் பச்சைமுத்து. அதற்கு ஓஸ்வால்டை அறைந்திருக்கலாம்.

டப்பாவில் இரண்டு சாவி இருந்தது. ஒன்றைத் தன் வளையத்தில் கோத்துக்கொண்டு மற்றதை பச்சைமுத்து நீட்டினான். "இது உங்ககிட்ட இருக்கட்டும். எங்கனா வழியில தொலச்சிட்டேன்னா உங்களுக்குத்தான போன் போடுவேன்."

"எங்கிட்ட வேணாம்ப்பா. வீட்லயே வச்சிக்க."

"உங்கள உட்டா வேற யாருக்கிட்ட குடுக்கறது? இருங்க, துடச்சித் தரேன், கிரீஸா இருக்கு." துணி தேடி வேனுக்குள் தலையை விட்டான்.

வள்ளியம்மா அப்போது ஓஸ்வால்டின் வேனுக்குப் பக்கத்தில் நின்றிருந்தாள். குனிந்து, அந்தப் பின் சக்கரத்தின் ஒரு நட்டில் விரலை வைத்துத் தேய்த்தாள். ஓஸ்வால்ட் அன்றைக்குப் பனியனில் துடைத்ததில் மேல்பூச்சு மட்டும்தான் போயிருக்கிறது. விரலைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். காய்ந்த சந்தனம், அதன்மேல் சிவப்பு. பிறகு ஓஸ்வால்டைப் பார்த்தாள்.

"சாவிய வாங்கிக்கங்கண்ணே" என்றாள், மெதுவாக. "அடுத்த தபா தொறந்தே எடுத்துக்கலாம். எங்க கொழந்த ஊருக்குப் போற அன்னிக்கி மட்டும் வேணாம்."

"இன்னா வள்ளி?" என்று வேனுக்குள்ளிருந்து கேட்டான் பச்சைமுத்து.

"ஒண்ணுமில்ல. அண்ணன் வேணாம்றாரு, கையில குடுத்துட்டு வாங்கன்னேன்."

விரலைப் புடவைத் தலைப்பில் துடைத்துக்கொண்டாள். ஆஸ்டின் டவுனில் ஓஸ்வால்டைத் திருடன் என்று சொல்லக்கூடிய ஒரே ஆள், சொல்லாமல் உள்ளே போய்விட்டாள். பச்சைமுத்து சிரித்துக்கொண்டே வந்து சாவியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை அவனே மடக்கிவிட்டான்.