மூடாக்குக்கு அடியில்

மின்கம்பியோ தண்ணீர்க் குழாயோ எட்டிப் பார்க்காத வீட்டில் தையற்காரி தனியாக இருந்தாள். கூரையில் விழும் மழை தொட்டியில் சேரும். அவள் குடிப்பதும் அதுதான், அவளுடைய நாற்பது தக்காளிச் செடிகள் குடிப்பதும் அதுதான். தொட்டியில் இப்போது மூன்று சாண் தண்ணீர். மழைக்கு இன்னும் இருபது நாளாவது ஆகும்.

"செடி காஞ்சுபோச்சுன்னா மறுபேச்சு கிடையாது அண்ணி. வீட்டைப் பூட்டிட்டு எங்களோட வந்துடணும்," என்று குழாய் வேலை செய்யும் கொழுந்தன் போன வாரம் சொல்லியிருந்தான். அவளும் ரோஷத்தில் தலையாட்டிவிட்டாள்.

அன்றைக்கே சருகும் காய்ந்த புல்லும் வாரி வந்து, பாத்தி முழுக்க ஒரு சாண் உயரத்துக்கு மூடாக்குப் போட்டாள். வெயில் மண்ணைத் தொடாது, ஈரமும் பறந்துபோகாது. தினமும் செடிக்கு ஒரு குவளை போதும் என்பது அவள் கணக்கு. இன்று கொழுந்தன் வந்தபோது நாற்பது செடியும் தலை தொங்கி நின்றன.

"நல்லா மெத்தை தச்சுப் போட்டிருக்கீங்க. அதான் எல்லாம் தூங்கி வழியுது."

"வாயை மூடு தம்பி."

மண்டியிட்டுச் சருகுக்குள் கையை விட்டாள். மேல் சருகு ஈரமாக இருந்தது. அடியில் மண் மாவு மாதிரி உதிர்ந்தது. ஊற்றிய தண்ணீரையெல்லாம் சருகே குடித்திருக்கிறது! மூடாக்கு ஈரத்தை உண்டாக்காது, இருப்பதைத்தான் காக்கும். வறண்ட மண்ணைப் போர்த்தியது காலிப் பெட்டிக்குப் பூட்டுப் போட்ட கதைதான்.

"சருகு மொத்தத்தையும் ஒதுக்கு. தொட்டியில இருக்கிற தண்ணியில பாதியை இப்பவே ஊத்தப் போறேன்."

"பாதியா? அப்புறம் குடிக்க?"

"மீதி இருக்குல்ல? எடு வாளியை."

வெயில் இறங்கியதும் வேரடியில் மெதுவாக ஊற்றினார்கள். மண் உறிஞ்சும் வரை காத்திருந்து இன்னொரு முறை ஊற்றினார்கள். பிறகு சருகைத் திரும்பப் பரப்பினாள். தண்டில் ஒட்டினால் அழுகிவிடும் என்று ஒவ்வொரு செடியைச் சுற்றியும் நாலு விரல் இடம் விட்டாள்.

ஆறாம் நாள் கொழுந்தன் வந்தான். செடிகள் விறைப்பாக நின்றன. குனிந்து சருகை விலக்கி மண்ணில் விரலைக் குத்தினான். விரலில் மண் ஒட்டியிருந்தது.

"நேத்து ஊத்தினீங்களா?"

"அன்னிக்கு ஊத்தினதுதான்."

விரலைப் பார்த்தான். தொட்டியை எட்டிப் பார்த்தான்.

"என்ன தம்பி, வீட்டைப் பூட்டலாமா?"

"பூட்டுறது இருக்கட்டும். அந்த ஓரத்துல சருகு மெலிசா கிடக்கு பாருங்க," என்று சருகு வாரிவரச் சாக்கைத் தேடிப் போனான்.