பெட்டி மேல் நின்ற தளம்

மேலே கலவை கொட்டக் கொட்ட, கீழே பலகை இடுக்குகளில் சிமெண்டுப் பால் சொட்டியது. விருத்தாம்பாள் சும்மாட்டுத் துணியை முக்காடாகப் போட்டுக்கொண்டு, கையில் ஒரு கம்பியோடு பலகையைத் தாங்கும் முட்டுகளின் அடியைக் குனிந்து குனிந்து பார்த்தபடி நடந்தாள். தளம் போடுகிற நாளில் அடியில் ஒரு ஆள் நின்று, எந்த முட்டும் நகராமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மேலே இருப்பவர்களுக்கு வெயில் உண்டு, காற்று உண்டு, நடுநடுவே மோரும் உண்டு. கீழே நிற்பவளுக்கு இருட்டும் சொட்டும்தான்.

விருத்தாசலத்தில் பீங்கான் தொழிற்சாலை ஒன்றுக்காகக் கட்டிக்கொண்டிருந்த கூடம் அது. அதுவரை அந்தப் பக்கத்தில் எந்தத் தளத்துக்கும் சவுக்குக் கட்டைதான் முட்டு. இந்தத் தடவை காண்ட்ராக்டர் கோதண்டபாணி, நெய்வேலியிலிருந்து இரும்பு முட்டுகளை வாடகைக்குக் கொண்டுவந்து இறக்கியிருந்தார். குழாய்க்குள் குழாய். உள்குழாயை மேலே இழுத்து, துளையில் பின்னைச் செருகி, மரையைத் திருகினால் வேண்டிய உயரத்துக்கு நிற்கும். ஜாக்கி என்று பேர் சொன்னார்கள். சவுக்கு வெட்டுகிற காலமெல்லாம் போய்விட்டது என்று காண்ட்ராக்டர் கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தார். நிமிர்த்தி வைத்துப் பார்த்தபோதுதான் விஷயம் வெளிச்சத்துக்கு வந்தது. கடைசித் துளையில் பின் போட்டும் ஜாக்கி மேல்சட்டத்தைத் தொடவில்லை. அரை முழம் குட்டை.

நீள ஜாக்கிக்கு மறுபடி ஆள் அனுப்பினால் வேலை தள்ளிப்போகும். தொழிற்சாலை முதலாளியோ தளம் போட நாள் குறித்து, பிரியாணிக்கும் சொல்லிவிட்டார். எல்லோரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றபோது வாயைத் திறந்தவன் வேறு யாருமில்லை, விருத்தாம்பாளின் புருஷன் கொளஞ்சியப்பன்தான்.

"சூளைப் பெட்டிய கவுத்துப் போட்டு அது மேல ஜாக்கிய நிறுத்துங்க மொதலாளி. சூளைக்குள்ள ஆள் உசரத்துக்கு மேல அடுக்கி நெருப்பு வைக்கிறோம். ஒண்ணு நொறுங்கி நான் பாத்ததில்ல."

பீங்கானில் தீ நேராகப் படாமல் உள்ளே வைத்துச் சுடுகிற கனத்த மண்பெட்டி அது. பழசாகிப்போன பெட்டிகள் தொழிற்சாலைக்குப் பின்னால் மலை மாதிரி குவிந்து கிடந்தன. அந்த ஊரில் அதைப் போட்டுக் கோழி அடைக்காத வீடில்லை, அதன் மேல் உட்கார்ந்து குளிக்காத ஆளில்லை. இரும்பை நம்பாதவன்கூட அந்தப் பெட்டியை நம்புவான். கோதண்டபாணி கொளஞ்சியப்பனின் முதுகில் தட்டி, "கொட்டகையில படுத்துக் கெடக்கிறவனுக்கு இருக்கிற மூளைய பாருடா" என்று மேஸ்திரி ராஜமாணிக்கத்திடம் சொன்னார். கை வெந்து சூளை வேலை போய், பெண்டாட்டியோடு காண்ட்ராக்டரின் கொட்டகையில் ஒண்டியதிலிருந்து கொளஞ்சியப்பனின் முதுகில் யாரும் அப்படித் தட்டியதில்லை. அன்றைக்குச் சோறு தின்னும்போதுகூட அவன் சிரித்துக்கொண்டே இருந்தான்.

விருத்தாம்பாளுக்குத்தான் சோறு இறங்கவில்லை. "சூளையில பெட்டி மேல பெட்டி ஒக்காந்தா விளிம்பு தாங்கும். இந்த ஜாக்கி நட்டநடுவுல வந்து குத்துதேயா" என்றாள்.

"நீ எந்தச் சூளையில வேல பாத்த?"

அவள் சோற்றுச் சட்டியை மூடினாள். நினைப்பு மட்டும் மூடிக்கொள்ளவில்லை.

இப்போது பாதித் தளத்துக்குக் கலவை விழுந்திருந்தது. மேலே கூலியாட்களின் காலடி பலகையில் தடதடத்தது. அவர்களுக்கு நடுவே கொளஞ்சியப்பன் கலவையைக் குத்திவிட்டுக்கொண்டிருந்தான். அவன் குரல் கேட்கிற இடத்துக்கு நேர் கீழே அவள் போனபோதுதான் அந்தச் சத்தம் வந்தது. 'டிக்' என்று, நகம் முறிகிற மாதிரி ஒரு சின்னச் சத்தம்.

குனிந்து பார்த்தாள். நடு வரிசைப் பெட்டி ஒன்றில், ஜாக்கியின் தகடு உட்கார்ந்த இடத்திலிருந்து விளிம்பு வரைக்கும் மயிரிழையாக ஒரு கோடு. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது வாயைத் திறந்தது.

"மேஸ்திரி! நிறுத்துங்க! பெட்டி வெடிக்குது!"

படிக்கு விட்டிருந்த ஓட்டை வழியாக ராஜமாணிக்கத்தின் தலை மட்டும் தொங்கியது. "கத்தாதடி. தொழிற்சாலை மொதலாளி இங்கதான் நிக்கிறாரு. நடுவுல நிறுத்தினா தளம் பாழு. பக்கத்து ஜாக்கிய முறுக்கி வுடு."

"ஆளுங்கள எறக்குங்க மேஸ்திரி, ஒங்களுக்குப் புண்ணியமாப் போவும்."

தலை மறைந்துவிட்டது. அந்த இடத்தில் கொளஞ்சியப்பனின் முகம் வந்தது. சிமெண்டு அப்பிய முகத்தில் கண் மட்டும் தெரிந்தது. "எந்தப் பெட்டி? ஒன்னுதானே? ஒன்னும் ஆவாது. சும்மா இரு, மானத்த வாங்காத."

"நீ எறங்கி வாயா!"

"நான் எறங்கினா எல்லாரும் எறங்குவாங்க. என்னா ஏதுன்னு கேப்பாங்க. பெட்டி வைக்கச் சொன்னவன் நானு." அவன் குரல் தணிந்தது. "பாத்துக்கடி. கெஞ்சிக் கேக்கிறேன்."

அவன் முகமும் மறைந்தது. வெளியே ஓடிவிடலாம், வாசல் நாலு எட்டில்தான் இருந்தது. ஓடினால் அவள் பிழைப்பாள். மேலே அவன் நிற்கிறான்.

பக்கத்து ஜாக்கியின் மரையில் கம்பியைக் கொடுத்துத் திருகினாள். சட்டம் முனகியது. உடனே அந்த ஜாக்கியின் பெட்டியும் 'டிக்' என்றது. கையை வெடுக்கென்று எடுத்துவிட்டாள். திருகினால் இது உடைகிறது, விட்டால் அது உடைகிறது. மேலே யாரோ பாட்டை இழுத்துப் பாட, அடுத்த சட்டி கலவை தொப்பென்று விழுந்தது.

அவள் வெளியே ஓடினாள், தப்பிக்க அல்ல. வேப்பமரத்தடியில் மங்கலம்பேட்டை முஸ்தபா பாய் பிரியாணி அண்டாவை அடுப்பில் ஏற்றியிருந்தார். இனி உதவாது என்று காண்ட்ராக்டர் ஒதுக்கிய சவுக்கு முட்டுகள்தான் அவர் அடுப்புக்கு விறகு. பாதி வெட்டியாகிவிட்டது. வெட்டாத ஒன்றை அவள் உருவினாள்.

"ஏம்மா, அடுப்புக்கு வச்சத எங்க இழுக்கிற?" என்று அதட்டினார் பாய். அவள் முகத்தைப் பார்த்ததும் கரண்டியைப் போட்டுவிட்டுக் கட்டையின் மறுமுனையைப் பிடித்து வாசல் வரை தூக்கி வந்தார். உள்ளே எட்டிப் பார்த்தவர், "யா அல்லா, வெளிய வந்துடும்மா" என்றார்.

"எங்க ஊட்டுக்காரரு மேல இருக்கிறாரு பாய்."

முதலில் விரிசல் விட்ட பெட்டியை ஒட்டித் தரையில் ஒரு பலகைத் துண்டைப் போட்டு, அதன் மேல் சவுக்கை நிமிர்த்தினாள். முட்டு அவளைவிட இரண்டு பங்கு உயரம். தோளால் தாங்கி, காலால் தள்ளி, சட்டத்துக்கு நேராகக் கொண்டுவந்தாள். அடியில் ஆப்பைச் செருகிக் கருங்கல்லால் அடித்தாள். ஒரு அடி ஆப்பில் விழுந்தது, அடுத்தது விரலில் விழுந்தது. மூன்றாவது அடியில் சவுக்கு இறுகி நின்றது. அதே மூச்சில் பெட்டி பொலபொலவென்று சரிந்தது. ஜாக்கி அடித்தாங்கல் இல்லாமல் அந்தரத்தில் ஆடியது. பாரம் முழுக்கச் சவுக்குக்கு வந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டு முட்டைக் கட்டிப் பிடித்தாள். பிடித்து என்ன ஆகப்போகிறது என்று அவளுக்கே தெரியும். ஆனாலும் விடவில்லை.

தளம் நின்றது.

சாயந்திரம் தொழிற்சாலை முதலாளி கொத்தனார்களுக்கு வேட்டி கொடுத்தார். எல்லோரும் பிரியாணி தின்றார்கள். நசுங்கிய விரலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்த விருத்தாம்பாளிடம் கொளஞ்சியப்பன் இலையைக் கொண்டுவந்து வைத்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஊருக்குப் போயிடலாம்யா" என்றாள்.

"ஊர்ல நமக்கு என்னா நெலமா நீச்சா? இந்தக் கொட்டகைய வுட்டா படுக்க எடம் ஏது?" சுற்றும் முற்றும் பார்த்தான். "பெட்டி ஒடஞ்சத யாருக்கும் சொல்லாத. மேஸ்திரியும் சொல்ல மாட்டேன்னாரு."

முட்டு பிரிக்கிற நாளில் காண்ட்ராக்டர் வந்தார். தளத்தை அண்ணாந்து பார்த்தார், ஒரு கீறல் இல்லை. நடுவில் நின்ற சவுக்கைக் காலால் உதைத்து, "இது எதுக்குடா இங்க?" என்றார்.

"சும்மா, ஒரு தைரியத்துக்கு" என்றார் ராஜமாணிக்கம்.

கோதண்டபாணி சிரித்தார். அந்தக் கட்டையை டீ போடுகிற அடுப்புக்கு இழுத்துப்போகச் சொன்னார். "இங்க நம்ம பக்கத்து மங்களூர்ல ஒரு குடோன் எடுத்திருக்கேன். இதவிட உசரம். அதே ஜாக்கி, அதே பெட்டி. ரெண்டு ரெண்டா அடுக்கிட்டா சரியா வரும், இல்லடா கொளஞ்சி?"

கொளஞ்சியப்பன் பெண்டாட்டியைப் பார்க்கவில்லை. "வரும் மொதலாளி" என்றான்.

"அடியில நிக்க இவளையே கூட்டியா. கை ராசிக்காரி."

பெட்டிகளை ஏற்ற லாரி வந்து நின்றது. விருத்தாம்பாள் சும்மாடு கோலிக் குனிந்தாள். ராஜமாணிக்கம் ஒரு பெட்டியைத் தூக்கி அவள் தலையில் வைத்தார். அவள் நிமிரப் போனாள்.

"இரு, இரு" என்று சொல்லி, அதன் மேல் இன்னொன்றையும் வைத்தார்.